தரையில் படுக்கணுமா என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள செல்விக்கு,

நானும் உன் அத்தானும் டெக்சாஸ் பூங்காக்களில் கூடாரம் போட்டுத் தங்கி வந்ததைப் பற்றிப் போன ஞாயிறு பேசும்போது, "இந்த வயசில் கூடாரம் அடித்துத் தரையில் படுக்கணுமா அக்கா?" என்று கேட்டாய். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. டிசம்பரில் நீயும் மாப்பிள்ளையும் ஓய்வு பெறப் போகிறீர்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும்.

தரையில் படுக்கவே இல்லை. மடக்குக் கட்டில் இரண்டு கொண்டு போனோம். என் முழங்காலுக்கு அந்த உயரம்தான் எழுந்திருக்க வசதி. ராத்திரி குளிருக்குக் கம்பளியும் குல்லாவும் இருந்தால் போதும். படுக்கை, சமையலறையோடு வரும் ஆர்.வி. வண்டி எதுவும் வாங்காதே. நாங்கள் போனது எங்கள் பழைய காரில்தான்.

மார்ச் கடைசியில் ஹூஸ்டனிலிருந்து கிளம்பினோம். முதல் இரண்டு நாள் பர்னெட் பக்கம் இங்க்ஸ் லேக் பூங்காவில். ப்ளூபானெட் என்கிற நீலக் காட்டுப்பூ பூத்திருந்த நேரம். சாலை ஓரமெல்லாம் நீலம், நடுநடுவே பெயின்ட்பிரஷ் பூவின் செம்மஞ்சள். டெக்சாஸில் நெடுஞ்சாலைத் துறையினர் விதை முற்றும்வரை அந்த ஓரங்களில் புல் வெட்ட மாட்டார்கள். அதனால்தான் அடுத்த வருஷமும் பூக்கிறது. முப்பது வருஷம் அதே மாநிலத்தில் இருந்துவிட்டு, வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தது இப்போதுதான்.

அப்புறம் மேற்கே செமினோல் கேன்யன். அங்கே பாறைக் குகையில் சுமார் நாலாயிரம் வருஷப் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. பூங்கா வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். இறங்கி ஏறுவது கொஞ்சம் சிரமம், ஆனால் மெதுவாகத்தான் கூட்டிப்போனார்கள். அன்று ராத்திரி அடித்த காற்றில் கூடாரக் கம்பி ஒன்று முறிந்துவிட்டது. விடியும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வசந்தத்தில் மேற்கு டெக்சாஸில் காற்று பலமாக வீசும். முளைக்குச்சியை நன்றாக அடித்து இறக்கு, காற்று ஏறினால் கூடாரத்தைச் சுருட்டிவிடு.

கம்பியைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டு பிக் பெண்ட் போனோம். எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்த தேசியப் பூங்கா அது. ரியோ கிராண்டே வில்லேஜ் என்ற இடத்தில், ஆற்றங்கரை மரநிழலில் நாலு ராத்திரி தங்கினோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. சாயங்காலம் எதிரே சியரா டெல் கார்மென் மலைச்சுவர் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். அது மங்கி இருட்டியதும் இத்தனை நட்சத்திரமா என்று இருந்தது.

உன் அத்தான் வேலையை விட்ட பிறகு வீட்டில் அதிகம் பேசுவதில்லை என்று உன்னிடம் அழுதிருக்கிறேன், நினைவிருக்கிறதா? அந்த இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் அப்பா சைக்கிளில் வைத்துத் திருவிழாவுக்குக் கூட்டிப்போன கதையைச் சொன்னார். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் நான் கேட்காத கதை. மறுநாள் வேறு ஒன்று. எனக்கு அந்த மலையைவிட இதுதான் பெரிது, செல்வி. வீட்டில் டிவியும் போனும் எப்போதும் குறுக்கே இருக்கின்றன. அங்கே அடுப்பு மூட்டுவதும் தண்ணீர் பிடிப்பதும் தவிர வேலையே இல்லை.

திரும்பும் வழியில் பால்மோரியா ஊற்றுக்குளம். 1930களில் கட்டியது. வருஷம் முழுக்கத் தண்ணீர் 22 முதல் 24 டிகிரிக்குள் இருக்கும். உனக்கு நீச்சல் பிடிக்கும், தவறவிடாதே.

இன்னும் சில விஷயம். பிக் பெண்டிலிருந்து வடக்கே வரும் சாலைகளில் எல்லைக் காவலர் சோதனைச் சாவடி உண்டு, உங்கள் கிரீன் கார்டைக் கையில் வைத்துக்கொள். பெட்ரோல் பாதி டாங்க் ஆனதுமே நிரப்பு. சாப்பாட்டை வெளியே வைக்காதே, ஹவலீனா என்கிற பன்றி மாதிரி விலங்கு தேடி வந்துவிடும். புளிக்காய்ச்சல் நிறையக் கொண்டு போ. மார்ச் நடுவில் பள்ளி விடுமுறைக் கூட்டம், அதைத் தவிர்த்துவிடு. மாநிலப் பூங்காக்களில் ஐந்து மாதம் முன்னாலேயே இடம் பதிவு செய்யலாம், அதனால் இந்த வாரமே மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பார்.

கட்டிலும் அடுப்பும் எங்கள் கராஜில் இருக்கின்றன, புதிதாக வாங்காதே. கூடாரத்துக்கு அத்தான் புதுக் கம்பி வரவழைத்திருக்கிறார். தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா