ஆறாவது இதழை மட்டும் தரமாட்டேன்

அன்புள்ள மாயாவிக்கு,

சுகம்தானே? அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? இங்கே டவுனில் எல்லோரும் நலம்.

நீ கொடுத்தனுப்பிய ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ காமிக்ஸ் பத்து இதழ்களையும் முடித்துவிட்டேன். போனில் சொன்னால் குறுக்கே விழுந்து அதை எழுதிய பெண்டிஸுக்கு வக்காலத்து வாங்குவாய். அதனால் கடிதம்.

ஆரம்பம் பிரமாதம்தான்லே. அல்ட்ரான் என்ற ரோபோவிடம் சூப்பர் ஹீரோ கூட்டமான அவெஞ்சர்கள் தோற்றுப்போன பிறகு கதை தொடங்குகிறது. இடிந்து கிடக்கும் நியூயார்க், உடைந்த கேடயத்தோடு குறுகி உட்கார்ந்திருக்கும் கேப்டன் அமெரிக்கா. பிரையன் ஹிட்ச் வரைந்த முதல் ஐந்து இதழ்களைப் படத்துக்காகவே மறுபடி புரட்டினேன்.

அப்புறம் அந்த ஆறாவது இதழ். அல்ட்ரான் உருவாகவே கூடாது என்று அந்தக் கூட்டத்து வோல்வரின் காலத்தில் பின்னால் போய், அதை உருவாக்கப்போகும் விஞ்ஞானி ஹாங்க் பிம்மைக் கொல்கிறான். பிம் அப்போது ஒரு குற்றமும் செய்யாதவன். கூட நிற்கும் இன்னொரு சூப்பர் ஹீரோ சூ நினைத்தால் தடுக்கலாம், தடுக்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? சும்மா கேட்கவில்லை, பதில் எழுது.

இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டு முடிவில் என்ன செய்கிறார்கள்? வோல்வரின் மறுபடியும் காலத்தில் பின்னால் போய், பிம்மைக் கொல்லப்போன தன்னையே தடுக்கிறான். பிம் அல்ட்ரானுக்குள் ரகசியமாக ஒரு நிரலை எழுதிவைக்கிறான், நேரம் வந்ததும் அதை முடுக்கி அல்ட்ரானை ஒழித்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்! ஊரே கூடி இழுத்த தேரை நிலைக்குக் கொண்டுவராமல், வாகையடி முக்கில் வடத்தைப் போட்டுவிட்டு காப்பி குடிக்கப் போன மாதிரி இருக்கிறது. சூ செய்ததற்கு அவளிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் காலமே கிழிந்து, வேறு கம்பெனியின் ‘ஸ்பான்’ காமிக்ஸ் கதைகளில் இருந்த ஏஞ்சலா வந்து குதிக்கிறாள். இந்தக் கதைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த புத்தகத்தை விற்க வேண்டும், வேறென்ன. 2013-இல் இதற்காக மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியவன் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

சிவகாசியிலிருந்து வந்த உன் இரும்புக்கை மாயாவி எவ்வளவோ மேல். கரண்டைத் தொட்டால் ஆள் மறைவான், கை மட்டும் தெரியும். லாஜிக் கேட்காதே, ஆனால் எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் போவான்.

சோடாப்புட்டி பொங்கலுக்கு வருகிறானாம். ஒன்பது இதழ்களை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆறாவது என்னிடமே இருக்கட்டும். உன் அண்ணன் பறித்துக்கொண்டு போன என் ராணி காமிக்ஸுக்கு அது சரியாய்ப்போச்சு.

அன்புடன்,
ஸ்பைடர்