தோட்ட டிராக்டர் இன்ஜினில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய தோட்ட டிராக்டரின் இன்ஜினில் கரி பிடித்துவிட்டால், அது ஓடும்போதே, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வழியாகத் தண்ணீர் விட்டால் போதும், சுத்தமாகிவிடும் என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு குறிப்பு வந்திருந்தது. ஒற்றை சிலிண்டர் டிராக்டர் ஒன்றை இருபது வருடமாக என் கையாலேயே பழுது பார்த்து ஓட்டி வருகிறேன். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தண்ணீர் ஆவியாகும்போது கொஞ்சம் கரி உதிரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கை தவறி ஒரு மடக்கு கூடுதலாகப் போய்விட்டால்? தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டினால், பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளையும், உடையவும் கூடும்.

என் வண்டி ஒரு கட்டத்தில் மேட்டில் இழுக்காமல் திணறியது. சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும் நாலைந்து சுற்று தானாக ஓடி, குலுங்கித்தான் நின்றது. உள்ளே கனன்றுகொண்டிருந்த கரியே பெட்ரோலைப் பற்றவைத்திருக்கிறது. பார்த்த மெக்கானிக், ஆயுள் முடிந்துவிட்டது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றார். மனசு கேட்கவில்லை. சிலிண்டருக்கு மேலே இருக்கும் ஹெட்டைக் கழற்றினேன். வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பக்கவாட்டு வால்வு இன்ஜின் என்பதால் ஹெட் வெறும் மூடி மாதிரிதான், போல்ட்டுகளை எடுத்தால் வந்துவிடும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி நாணயக் கனத்துக்குக் கரி இறுகிக் கிடந்தது.

அன்று ஒரு தவறு செய்தேன். பளபளப்பாக வரட்டும் என்று பிஸ்டன் தலையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அதன் துகள் சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இறங்கி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தின்றுவிட்டது. சில மாதங்களில் ஆயில் எரிந்து நீலப் புகை வர ஆரம்பித்து, ரிங் மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். இன்ஜின் நன்றாக ஆறியதும் முதலில் பிளக் வயரைக் கழற்றிவிடுவேன். ஹெட்டை எடுத்த பின், வால்வு இரண்டும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அதன் விளிம்பைச் சுற்றியுள்ள இடுக்கில் விரலால் கிரீஸ் தடவுவேன். சுரண்டும்போது விழும் கரியெல்லாம் அந்த கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். கரி மேல் மண்ணெண்ணெய் நனைத்த துணியை ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் இளகிவிடும். அப்புறம் கூராகச் சீவிய மரக்குச்சியே போதும். ஸ்குரூடிரைவர் வேண்டாம், அலுமினியத்தில் கோடு விழும். காஸ்டிக் சோடா கலந்த திரவமும் கூடாது, அலுமினியத்தையே அரித்துவிடும். வாயால் ஊதவும் கூடாது. ஈயம் கலந்த பெட்ரோல் குடித்த காலத்து இன்ஜினாக இருந்தால் அந்தக் கரியில் ஈயமும் இருக்கும். சுரண்டி முடித்ததும் பிஸ்டனைச் சற்றுக் கீழே இறக்கினால் சுவரில் கிரீஸ் வளையம் ஒன்று நிற்கும், கரித்தூளோடு அதைத் துடைத்து எடுத்துவிடலாம். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக்கூடாது. போல்ட்டுகளை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் உள்ள வரிசைப்படி, மூன்று நான்கு தவணையாக முறுக்க வேண்டும்.

கரி ஏன் சேர்கிறது என்பதையும் உங்கள் குறிப்பு தொடவில்லை. அடைத்துப்போன ஏர் ஃபில்டர், காற்றைக் குறைத்துப் பாதி மூடியே நிற்கும் சோக், தேய்ந்த ரிங் வழியாக ஏறும் ஆயில், இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடும் பழக்கம் என்று காரணங்கள் பல. இதில் எது என்று பார்க்காமல் சுரண்டினால் சீக்கிரமே திரும்ப வந்துவிடும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் உங்கள் நாளிதழை நம்பிப் படிக்கிறார்கள். யாராவது தண்ணீர்க் குவளையோடு இன்ஜின் பக்கம் போவதற்கு முன், அதே பக்கத்தில் இந்தத் திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்