கீழத்தெரு பால்வாடியில் கர்ப்பிணிகளுக்குக் கெட்டுப்போகாத சத்துமாவு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: கீழத்தெரு கர்ப்பிணிப் பெண்களும் குடும்பத்தாரும்
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: அங்கன்வாடியில் பூசணம் பிடித்த சத்துமாவு வழங்கப்படுவது, முந்தைய மனுக்களுக்குப் பதில் வராதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். ஏரி நிரம்பி உபரிநீர் வந்த சமயம் தாங்களே எங்கள் தெருவுக்கு வந்து பார்த்தீர்கள். ரேஷன் கடைக்குப் பின்னால், வாய்க்கால் ஓரம் உள்ள பால்வாடிக் கட்டிடம் தங்களுக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். எனக்கு இது ஏழாவது மாதம். மற்ற கர்ப்பிணிகளுக்கும் சேர்த்து இந்த மனுவைத் தருகிறேன்.

1. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் 6 மாதமும் அங்கன்வாடி மூலம் இலவச உணவு தர வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் வந்தபோதே தினமும் 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்று அதில் அளவும் போட்டிருந்தது. அதற்காகத்தான் எங்களுக்குச் சத்துமாவு தருகிறார்கள்.

2. மாவு வைக்கும் அறை ஒழுகுகிறது. மூட்டைக்கு அடியில் பலகை கிடையாது, வெறும் தரைதான். மழைக்காலத்தில் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி நிற்கிறது. டீச்சரம்மா மேல் குறை சொல்ல மாட்டோம். அவர் சொந்தக் காசில் தார்ப்பாய் வாங்கிப் போட்டு மூடுகிறார்.

3. கடைசியாக வந்த பாக்கெட்டைப் பிரித்ததும் ஈர மூட்டை வாடை அடித்தது. மாவு கட்டி கட்டியாக இருந்தது. கட்டியை உடைத்தால் உள்ளே பச்சையும் சாம்பலுமாகப் பூசணம், ஓரத்தில் நூல் நூலாகப் புழுக்கூடு. தேதி அச்சடித்த இடம் அழிந்துபோய் எதுவும் படிக்க முடியவில்லை. எங்கள் தெருவில் பலர் அதைச் சலித்து, வண்டை எடுத்துவிட்டு, வெயிலில் காயவைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள். வேறு என்ன செய்வார்கள்? நடவு வேலை இல்லாத மாதத்தில் முட்டைக்கும் பருப்புக்கும் எங்கே போவது? வண்டைச் சலிக்கலாம் அம்மா, பூசணத்தின் விஷத்தைச் சலிக்க முடியாது. சில பூசண விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. பப்பாளி ஆகாது, அன்னாசி ஆகாது என்று பெரியவர்கள் எங்களைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அரசாங்கம் கொடுத்த பாக்கெட்டைத் தின்னாதே என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

நர்ஸம்மா ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 8. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு, டீயோடு சேர்த்துப் போடாதே, சத்தாகச் சாப்பிடு என்கிறார். சரி, சாப்பிடுகிறேன். எதை?

4. குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு ரசீது மட்டும் கிடைத்தது. அடுத்ததற்கு "தீர்வு காணப்பட்டது" என்று போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. என்ன தீர்வு? யார் வந்து பார்த்தார்கள்? செய்தி வந்த அந்த வாரமும் இதே மாவுதான் கொடுத்தார்கள். எங்களுக்குக் கோபம் வருகிறது அம்மா, மன்னிக்கவும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அலுவலக வராண்டாவில் எத்தனை நேரம் நிற்பது? மனுவுக்குக் காத்திருக்கலாம். பிரசவ தேதி யாருக்காகவும் தள்ளிப் போகாது.

ஆகவே, இருக்கும் மாவை உடனே திரும்பப் பெற்று, உணவுப் பாதுகாப்பு அலுவலரை விட்டு மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டுகிறோம். தேதி தெளிவாக உள்ள புது மாவு வேண்டும். கூரை சரியாகும் வரை மூட்டைகளை ஊராட்சி அலுவலகத்தின் காய்ந்த அறைக்கு மாற்ற வேண்டும். அந்த அறை பூட்டியே கிடக்கிறது, தாங்களும் பார்த்திருப்பீர்கள். உரிய உணவு தராவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படித்தொகை தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. எங்களுக்குப் பணம் முக்கியம் இல்லை. நல்ல மாவு கொடுங்கள், போதும். தயவு செய்து இந்த முறையாவது ஒருவரை நேரில் அனுப்புங்கள் அம்மா. நல்ல மாவு கொடுங்கள்.

இப்படிக்கு,
கீழத்தெரு கர்ப்பிணிகள் சார்பாக

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல், பிரிக்காத சத்துமாவு பாக்கெட் ஒன்று. தங்கள் முன்னால் பிரித்துப் பார்க்க வேண்டுகிறோம்.