வெயிலுக்கு முன் வி.பி.எஸ். முடியட்டும்

ஆசிரியருக்கு,

கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்புகள் நடத்தக் கூடாது என்ற பள்ளிக்கல்வித் துறையின் அறிவிப்பைத் தங்கள் நாளிதழில் படித்தேன். திருச்சபைகள் மே மாதத்தில் சிறுவர்களுக்கு நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளுக்கும் (வி.பி.எஸ்.) அதே அக்கறை வேண்டும். பெரும்பாலும் அக்னி நட்சத்திர நாள்களில்தான் அவை நடக்கின்றன. மனப்பாட வசனம், ஆக்‌ஷன் பாட்டு, கைவேலை என எல்லாமே இளைஞர்களுக்கான சபை ஊழியர் ஒருவர் தலையில் விழுகிறது. மாலையில் வாலிபர் கூட்டமும் அவர்தான் நடத்த வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் ஊரில் நிறைவு நாள் பவனியின்போது, நண்பகல் வெயிலில் ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊழியரின் பதறிய முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வகுப்புகளைக் காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிக்கலாம். பவனியை மாலை 5 மணிக்கு மேல் வைக்கலாம். அப்புறம், சபைப் பெரியவர்கள் இருவராவது தினமும் அந்த ஊழியருக்குத் துணையாக நிற்க வேண்டும்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை