மோட்டாருக்குத் தகடு உண்டு, கம்ப்யூட்டருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோவை கணபதியில் பம்ப் வார்ப்படங்களுக்குப் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மாதிரி உருவம், செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். மரத்தில் இழைத்த காலம் போய், இப்போது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் வரைந்த பிறகுதான் மற்ற வேலை. தீபாவளித் தள்ளுபடியில் முழு செட்டாக வாங்கிய கம்ப்யூட்டரோ, படத்தைத் திருப்பச் சொன்னால் கிழட்டுச் செக்குமாடுபோல நின்று நின்று சுற்றியது. படம் காட்டும் வேலையைத் தனியாகப் பார்க்கும் கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகும் என்றான் மகன். காந்திபுரம் போய் ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற கார்டை வாங்கி வந்தோம்.

கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றினால், உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் ஓரத்தில், டார்ச் அடித்தால் மட்டும் தெரிகிற ஸ்டிக்கர்: 180 வாட். கார்டு ஒன்றே 170 வாட் இழுக்கும்; அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்கிறது தயாரித்த நிறுவனம். கார்டில் செருக வேண்டிய எட்டு முனை வயரும் உள்ளே கிடையாது. பெரிய எஸ்.எம்.பி.எஸ். மாற்றலாம் என்றால், வெளியில் விற்பவற்றுக்கு 24 முனை பிளக். எங்கள் மதர்போர்டில் இருப்பது ஆறு முனை.

வந்த மெக்கானிக், "ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் வயர் இரண்டை இணைத்து ஓட்டிவிடலாம்" என்றார். அந்த பிளக் ஒன்று 12 வோல்ட்டில் தாங்குவது நாலரை ஆம்பியர், அதாவது 54 வாட். பல்பு வயரில் மோட்டார் ஓட்டச் சொல்கிறாரே என்று, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கார்டு விற்ற கடையிலோ, பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லையாம். கடைசியில், மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டிலிருந்து கிடைக்கும் 75 வாட்டிலேயே ஓடுகிற, தனி வயர் கேட்காத ஜி.டி.எக்ஸ். 1650 ஒன்றைப் போட்டுக்கொண்டோம். இம்பெல்லர் இப்போது தடங்கல் இல்லாமல் திரும்புகிறது. 3060 பீரோவின் மேல் தூங்குகிறது.

எங்கள் ஊர் மோனோபிளாக் பம்ப் எதை எடுத்தாலும் எச்.பி., வோல்ட், ஆம்பியர், தண்ணீர் ஏற்றும் உயரமான ஹெட் எல்லாம் தகட்டில் இருக்கும். தோட்டத்துக்காரர் அதைப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார். நான் வாங்கிய கம்ப்யூட்டரின் அட்டைப்பெட்டியில் பிராசசர், ரேம் எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தன, எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், கார்டுக்கு வயர் உண்டா என்ற இரண்டு வரி மட்டும் இல்லை. விற்பவர்கள் அதை வெளியே அச்சிட வேண்டும். அதுவரை வாங்குபவர்கள், பில் போடும் முன்பே மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பேட்டர்ன் பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோவை.