மாப்பிள்ளை பார்த்த லூகர்

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதமும், ஹூஸ்டன் மாப்பிள்ளை தான் வாங்கப் பார்க்கும் பழைய ஜெர்மன் லூகர் துப்பாக்கியைப் பற்றி அனுப்பிய படங்களும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்திருப்பது நல்ல செய்தி. வைத்தியர் சொன்ன நடையை விட்டுவிடாதே. இங்கே மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டில் பனி கொட்டுகிறது, வெளியே போக வழியில்லை. படங்களை நிதானமாகப் பெரிதாக்கிப் பார்க்க அது வசதியாகப் போயிற்று.

விற்பவர் சொல்லும் கதை இதுதானே: பெர்லினில் டி.டபிள்யூ.எம். தொழிற்சாலை முன்மாதிரியாகச் செய்த கைத்துப்பாக்கி, அதை வடிவமைத்த ஜார்ஜ் லூகரே தன் கைவசம் வைத்திருந்தது. அதற்கு அவர் காட்டும் சாட்சி, வரிசை எண் இல்லை, சுட்டுப் பார்த்ததற்கான முத்திரை இல்லை, துப்பாக்கியின் மேலே முழங்கால் போல மடங்கும் இணைப்பின் பின்பக்க மடக்கில் 'ஜி.எல்.' என்று, அவர் பெயரின் முதலெழுத்துகள் இருக்கின்றன. முதல் இரண்டும் எனக்குச் சாட்சியாகவே படவில்லை. விற்பனைக்குப் போகாத முன்மாதிரிக்கு எண்ணோ முத்திரையோ இல்லாமல் போகலாம், சரி. ஆனால் தொழிலாளி சாப்பாட்டுப் பெட்டியில் ஒவ்வொன்றாகக் கடத்திய பாகங்களைச் சேர்த்துப் பூட்டினாலும் அதில் எண் இருக்காது. பிற்காலத்தில் யாரோ அரம் போட்டுத் தேய்த்திருந்தாலும் இருக்காது.

நான் கேட்பது வேறு. தொழிற்சாலைக் கருவிகள் செய்யும் டூல்ரூமில் காலம் தள்ளியவன் அல்லவா, எதையாவது சோதித்துப் பார்க்கத்தான் முன்மாதிரி செய்வோம். இந்தத் துப்பாக்கி எதைச் சோதிக்கச் செய்தது? இதே ஊரில் 1907-இல் அமெரிக்க ராணுவம் கைத்துப்பாக்கி தேர்ந்தெடுக்க நடத்திய போட்டியை எடுத்துக்கொள். ராணுவம் .45 அங்குலத் தோட்டா கேட்டது. லூகர் அதுவரை செய்தவை 7.65, 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானவை. பெரிய தோட்டாவுக்குத் துப்பாக்கியின் உடற்சட்டம், மடக்கு, தோட்டாக்கூடு எல்லாவற்றையும் பெரிதாக்க வேண்டியிருந்தது. அப்படிச் செய்த சிலவற்றில் 2 என்ற எண் கொண்டது 2010-இல் ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதன் ஒவ்வொரு பாகமும், தான் ஏன் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்று சொல்லும். அதைப் போலவே செய்ய விரும்பிய கைவினைஞர்கள் சிலர் இரண்டு சாதாரண லூகர்களை அறுத்து ஒட்டி உடற்சட்டம் செய்தார்கள். அமிலம் தடவினால் வெல்டிங் கோடு தனி நிறத்தில் தெரிந்துவிடும்.

மாப்பிள்ளை அனுப்பிய படங்களில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை. வழக்கமான 9 மில்லிமீட்டர் பாகங்கள்தான், அளவும் வழக்கமானதே. புதிதாக ஒன்றைச் சோதித்த அடையாளம் எங்கேயும் இல்லை.

அப்புறம் அந்த 'ஜி.எல்.'. லூகரின் சொந்தச் சோதனைத் துப்பாக்கிகள் சிலவற்றில் அந்த எழுத்து உண்டு என்பது உண்மை. போலி செய்கிறவர்களுக்கும் அது தெரியும். நான்காவது படத்தில் 'எல்'லின் கால் பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல். அங்கே ஊசிமுனை அளவில் ஒரு துருக்குழி. எழுத்தின் கோடு அந்தக் குழியின் ஓரத்தை நசுக்கிக்கொண்டு போகிறது, குழியின் ஒரு பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது. எழுத்து முதலில் வந்திருந்தால் துரு அதன் ஓரத்தைத்தான் அரித்திருக்கும். இங்கே துரு மூத்தது, எழுத்து இளையது. பக்கத்தில் முன் மடக்கில் உள்ள டி.டபிள்யூ.எம். சின்னத்தைப் பார், ஓரங்கள் தேய்ந்து மழுங்கி, நீலப் பூச்சு உள்ளே வரை இறங்கியிருக்கிறது. 'ஜி.எல்.' மட்டும் கூர்மையாக, அடியில் வெள்ளையாக மின்னுகிறது. நூறு வருஷம் ஒரே துப்பாக்கியில் இருந்த இரண்டு எழுத்துகள் இப்படி வேறுபடுமா?

எழுத்து அடித்த இடம் பளபளப்பதாலேயே எல்லா முத்திரையும் போலி என்று மாப்பிள்ளை நினைத்துவிட வேண்டாம். சுட்டுச் சோதித்த பிறகு அடிக்கிற முத்திரைகளைச் சுற்றி நீலம் உடைந்து வெளிறிய வளையம் தெரிவது பழைய லூகர்களில் சகஜம். அது பூச்சு புதுப்பிக்கப்படவில்லை என்பதற்கு நல்ல அறிகுறியும்கூட. எந்த அடி எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கோல்ட் கம்பெனித் துப்பாக்கி என்றால் அந்தக் கம்பெனிக்கே எழுதிப் பதிவேட்டிலிருந்து கடிதம் வாங்கலாம், பழைய வின்செஸ்டர் துப்பாக்கிக்கு வயோமிங்கில் கோடி நகர அருங்காட்சியகத்தில் கேட்கலாம். லூகருக்கு அப்படி ஒரு கதவு இல்லை. அதனால்தான் கதை சொல்கிறவர்களுக்கு இதில் இவ்வளவு கொண்டாட்டம். "1945-இல் தாத்தா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தார்" என்று விற்பவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். தாத்தா கொண்டுவந்தது லூகர் துப்பாக்கி என்பதுவரை நம்புகிறேன், லூகருடைய துப்பாக்கி என்பது கேழ்வரகில் நெய் வடிகிற கதை.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்: பின்பக்க மடக்கைக் கழற்றி உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கட்டும். விற்பவர் தயங்கினால் அத்தோடு விட்டுவிடலாம். அனுப்பினால் எனக்கு அனுப்புங்கள், ஒரு சிறிய எண் அங்கே மறைந்திருந்தாலும் இருக்கும். ரொம்பப் பிடித்திருந்தால் சாதாரண லூகரின் விலைக்குக் கேட்கலாம், அதற்கு மேல் ஒரு டாலர்கூட வேண்டாம்.

சித்திரைக்கு மதுரை வருவதாக இருக்கிறேன். தங்கச்சியிடம் சொல்லி வை, அந்தக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்காகவே வருகிறேன்.

அன்புடன்,
ராகவன்