ஆறு குப்பி மஞ்சள் மருந்துக்கு

அப்பாவுக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

2021 ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. அப்பா வீடு திரும்பிய அன்றே எழுத உட்கார்ந்தேன். யாருக்கென்று தொடங்குவது எனத் தெரியாமல் நோட்டை மூடிவிட்டேன். உங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. சரி, படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் எங்கள் தெருமுனைப் பல் டாக்டர். அந்த மே மாதம் அப்பா கொரோனாவிலிருந்து தப்பி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, வலது கன்னம் வீங்கியது. பல்வலி என்றார். இருபது வருஷச் சர்க்கரை, அதன்மேல் ஆஸ்பத்திரியில் போட்ட ஸ்டீராய்டு ஊசி. ஊரடங்கில் பாதி ஷட்டரை இறக்கி வைத்திருந்த அந்த டாக்டர், அப்பாவின் வாய்க்குள் டார்ச் அடித்தார். அண்ணத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுத்திருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு, "இன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார். பீஸ் வாங்கவில்லை. அன்று அவர் வலி மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் அப்பாவின் வலது கண் போயிருக்கும் என்று பிறகு அறுவைசிகிச்சை செய்த டாக்டரம்மா சொன்னார். கறுத்துப்போன சதையையும் எலும்பையும் நாலு மணி நேரம் நின்று சுரண்டி எடுத்தவர் அவர். டாக்டரம்மா, உங்களுக்கு நன்றி என்ற சொல் ரொம்பச் சின்னது. வேறு சொல் இல்லை.

அப்பாவுக்கு வந்திருந்தது கருப்புப் பூஞ்சை. அதற்கு மருந்து ஆம்போடெரிசின் பி. 1950களில் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து எடுத்த பழைய மருந்து. பூஞ்சையின் மேற்சவ்வில் ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். சிக்கல் என்னவென்றால் நம் சிறுநீரகத்தையும் அது விட்டுவைக்காது. சிறுநீரகத்தை அவ்வளவாகக் கெடுக்காத லிப்போசோமல் வகை எங்கும் கிடைக்காததால் அப்பாவுக்கு முதலில் சாதா வகையைத்தான் ஏற்றினார்கள். மருந்து ஏறிய அரை மணியில் கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம் வரும். மூன்று போர்வை போர்த்தி மேலே நான் படுத்து அமுக்கிக்கொள்வேன். சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின், ஐந்தே நாளில் 1.3இலிருந்து 2.7க்குப் போய்விட்டது. "லிப்போசோமல் கிடைச்சா எப்படியாவது கொண்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

அது என்ன அப்படி உசத்தி என்று அங்கிருந்த பயிற்சி டாக்டர் தம்பியிடம் கேட்டேன். மருந்து அதேதான், அதைக் கொழுப்பால் ஆன குட்டி உருண்டையில் பொதிந்திருக்கிறார்கள் என்றார். "கொழுக்கட்டைன்னு வச்சுக்கங்கக்கா." ஒவ்வொரு கொழுக்கட்டையும் 100 நானோமீட்டருக்கும் குறைவு. ரத்தச் சிவப்பணு ஒன்றின் குறுக்கே எழுபதை வரிசையாக அடுக்கலாம். அப்படியும் சிறுநீரகத்தின் வடிகட்டியில் நுழைய முடியாத அளவுக்குப் பெரிது. ரத்தத்தோடு ஓடிப் பூஞ்சை இருக்கும் இடத்துக்குப் போய், அதன் சுவரில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் மருந்தை விடும். பிற்பாடு நானே தேடிப் படித்ததில் ஒரு திருத்தம், தம்பி: மருந்து பூரணம்போல உள்ளே இல்லை, மேல்மாவோடு சேர்த்தே பிசைந்திருக்கிறது. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு, மாஸ்க்குக்குள் மூச்சு வாங்க, அழுதுகொண்டிருந்தவளுக்குக் கொழுக்கட்டை கதை சொன்னீர்களே, அதற்கு நன்றி.

அப்பா 58 கிலோ. கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஒரு குப்பியில் 50 மில்லிகிராம். அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஆறு குப்பி, அதுவும் வாரக்கணக்கில். மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மூன்று மடங்கு விலை சொன்ன ஒருவரும் உண்டு. அவருக்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை. ஜூன் 12ஆம் தேதி இந்த மருந்துக்கு ஜிஎஸ்டியை அடியோடு எடுத்தார்கள், நல்லதுதான். எங்களுக்கு அப்போது குறைய வேண்டியிருந்தது வரியல்ல, தட்டுப்பாடு.

கடைசியில் வாட்ஸ்அப்பில் யாரோ யாருக்கோ அனுப்பி, திருநெல்வேலியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற டீச்சர் அழைத்தார். அவர் கணவருக்கு வாங்கியதில் ஒன்பது குப்பி மிச்சம். கணவர் முந்தின வாரம் இறந்துவிட்டார். பணம் எவ்வளவு என்று கேட்கவே எனக்கு நா எழவில்லை. அவரே சொன்னார்: "ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் கண்ணுல படுது. எடுத்துட்டுப் போயிரும்மா." டீச்சரம்மா, அந்த ஒன்பதில்தான் அப்பாவின் கிரியாட்டினின் முதல்முறையாக இறங்கியது. 2.7, அப்புறம் 2.4. உங்களிடம் போனில் சொல்ல நினைத்து நினைத்து விட்டுவிட்டேன்.

அடுத்தது எங்கள் வார்டு சிஸ்டர். குப்பிக்குள் மஞ்சள் பொடி கட்டியாக இருக்கும். சுத்தமான தண்ணீர் விட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அரை நிமிஷம் ஓங்கிக் குலுக்குவார். ஆறு குப்பிக்கும் அப்படியே. பிறகு வடிகட்டி வைத்த சிரிஞ்சு வழியாகக் குளுக்கோஸ் பாட்டிலில் சேர்ப்பார். ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் வேறொருவர் உப்பு நீர் பாட்டிலை எடுத்துவிட்டார். சிஸ்டர் ஓடி வந்து கையைப் பிடித்தாரே! உப்புத் தண்ணீரில் கலந்தால் மருந்து திரிந்துபோகும். ஆறு குப்பி, அன்றைய தேதிக்கு ஆறு தங்கக்காசு. பொட்டாசியம் டானிக்கை அப்பா துப்பும்போதெல்லாம் அதட்டிக் குடிக்க வைத்ததும் அவர்தான்.

நேரில் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். 1961இல் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில், புதிதாக வந்த எலக்ட்ரான் நுண்ணோக்கியைச் சோதிக்கக் கொழுப்புக் கரைசலை வைத்துப் பார்த்து, அது தானாகவே குட்டிப் பைகளாக, அதாவது லிப்போசோம்களாக, சுருண்டிருப்பதைக் கண்ட அலெக் பாங்கமும் ஹார்னும். 1980களில் ஹூஸ்டனில் இந்த மருந்தை அந்தப் பையில் ஏற்றி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த லோபெஸ்-பெரெஸ்டீன். வேலூர் சிஎம்சியில் பல வருஷம் ஆய்வுக்கூடம் நடத்திவிட்டு, பிற்பாடு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இந்தியாவிலேயே லிப்போசோம் ஆம்போடெரிசினைச் செய்ய வழி பார்த்த பிமல் குமார் பச்சாவத். மும்பை கேஇஎம் மருத்துவமனையில் அதை நோயாளிகளிடம் சோதித்த டாக்டர் நீலிமா க்ஷீர்சாகர். பாங்கமும் பச்சாவத்தும் இப்போது இல்லை. இருந்தாலும் பெயரைச் சொல்லி நன்றி சொல்லத் தோன்றியது. பூஞ்சையைக் கொல்கிற மருந்து ஏற்கெனவே இருந்தது. அப்பாவின் சிறுநீரகத்தைக் காப்பாற்றியது அவர்கள் செய்த உறைதான்.

அப்பா நன்றாக இருக்கிறார். மேல் வரிசையில் ஐந்து பல் இல்லை, அண்ணத்துக்குத் தகடு போட்டிருக்கிறது. அதைக் கழற்றினால் பேச்சு மூக்கால் வரும். பேத்தி அந்தக் குரலில் கதை கேட்கிறாள். கிரியாட்டினின் 1.4.

கடைசியாக, ஊரடங்கில் திண்டுக்கல்லிலிருந்து பைக்கில் பன்னிரண்டு குப்பி கொண்டுவந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப்போன தம்பிக்கு. உன் தெர்மாகோல் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அப்பா அதில் மண் போட்டுப் புதினா வளர்க்கிறார்.

அன்புடன்,
58 கிலோக்காரரின் மகள்